காலி பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை

இயேசு மரி சூசை துணை

வெஸ்ட்மூர் தோட்டம், மேல் பிரிவு,
கலஹா.
09.02.2025

அன்புள்ள தம்பி லக்ஸ்மனுக்கு,

அக்கா பியட்றிஸ் எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன். நாங்கள் சுகமா என்று கேட்டால், உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சுகமில்லை. அதற்குக் காரணம் உன் டிப்போ.

நம்முடைய காலை பஸ்ஸின் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள். பயணிகள் போதாதாம். அதனால் இந்தப் பாதையில் சேவை மீளாய்வு செய்யப்படுமாம். மீளாய்வு என்றால் என்னவென்று உன் மச்சானிடம் கேட்டேன். "வருஷா வருஷம் ஒட்டுறாங்க, நீ சோத்தப் போடு" என்றார். அந்த பஸ்ஸிலேயே அவருக்கு நீ பேசி வாங்கிக் கொடுத்த கண்டக்டர் வேலை. பஸ் இரவில் தோட்டத்திலேயே நிற்பதால் மனுசன் வீட்டில் படுத்து வீட்டிலிருந்தே வேலைக்குப் போகிறார். அவருக்கே பயமில்லாதபோது உனக்கென்ன என்று கேட்பாய். எனக்கு மகள் ஷாமலாவை நினைத்துத்தான் பயம்.

வருகிற கார்த்திகையில் அவளுக்கு உயர்தரச் சோதனை. விஞ்ஞானம் படிக்கிறாள், அதுவும் கண்டியில். பள்ளிக்கூட மணி அடிக்கும் முன் அங்கே போய்ச் சேர இந்த ஒரு பஸ்ஸை விட்டால் வேறு கதி கிடையாது. நீயோ போர்டிங்கில் ஒரு கட்டிலில் சுருண்டு கிடக்கிறாய். உனக்கென்று ஒரு வீடிருந்தால் அவளை உன்னோடு விட்டுவிட்டு, நான் பாட்டுக்குப் பிள்ளைக்காம்பராவில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பேன்.

பஸ் ஓட்டங்களின் கணக்கு எழுதும் கதிரையில்தானே உட்கார்ந்திருக்கிறாய்? எழுந்து போய் மெனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?

என் போன் செத்துப்போய் மூன்று மாதமாகிறது. வீட்டிலுள்ள ஒரே போன் உன் மச்சானின் சட்டைப்பையில் இருக்கிறது. ஆகவே பழையபடி கடிதம்தான். அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நீயும் பதிலை அவர் கையில் கொடு, முத்திரைக் காசு மிச்சம்.

அன்பு அக்கா,
பியட்றிஸ்


கண்டி
14.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி லக்ஸ்மன் எழுதிக்கொள்வது. சளி மட்டும் விடவில்லை, மற்றபடி சுகம். நீங்கள், மச்சான், ஷாமலா மூவரும் குறையில்லாமல் இருக்க மன்றாடுகிறேன். மச்சான் கொண்டுவந்த கடிதமும் மரவள்ளிக்கிழங்கும் கிடைத்தன.

நீங்கள் சொன்னபடியே எழுந்து போய்ச் சொன்னேன். மெனேஜர் கம்பியூட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் பதிந்த கணக்கை எனக்கே காட்டினார், அக்கா. உங்கள் காலை பஸ்ஸில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து டிக்கெட். அந்த மலைப்பாதையில் அந்த பஸ் ஏறி இறங்கக் குடிக்கிற டீசலுக்கே அது காணாது. "லக்ஸ்மன், உங்க தோட்டத்து ஆளுங்க எல்லாம் நடந்தா போறாங்க?" என்று கேட்டார்.

நான் கணக்கு எழுதுகிறவன், பஸ்ஸுக்குச் சொந்தக்காரன் இல்லை. ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. தோட்டத்தார் எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு மகஜர் அனுப்புங்கள். நான் கையில் வாங்கி மேசையில் வைக்கிறேன். மருமகளிடம் படிப்பை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
லக்ஸ்மன்


இயேசு மரி சூசை துணை

வெஸ்ட்மூர்
02.03.2025

அன்புள்ள தம்பிக்கு,

சளிக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

மகஜர் இத்துடன் வருகிறது. அதற்கு நான் பட்டபாடு உனக்குத் தெரியாது. ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் வைத்துக் கேட்டால், "கொழுந்து நிறுக்கிற நேரத்துல என்னாத்துக்கு பியட்றிஸ்?" என்கிறார்கள். லயத்து வீடுகளுக்குப் போனால் டீவியில் நாடகம் பார்க்கிறார்கள். சங்கத் தலைவர் தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்றார். அவர் பெயரை மேலே எழுத இடம் விட்டால், கோயில் சபையார் கோபித்துக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு முதல் பக்கங்கள் வைத்திருக்கிறேன். எது வேண்டுமோ அதை மேலே வைத்துக்கொள்.

ஆனால் பத்துப் பதினைந்து என்று எழுதினாயே, அதைப் படித்ததும் எனக்கு வயிறெரிந்துவிட்டது. போன வாரம் கிளினிக்குக்குப் பேராதனை போனேன். நான் பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறுகிறவள், எனக்கே இருக்கை கிடைக்கவில்லை. கலஹா டவுனில் மரக்கறிக்கடை ஹலீம் நானா வெற்று மூட்டைகளோடு ஏறினார். அவருக்கு ஒற்றைக் காலை வைக்கத்தான் இடம். கூரை ஒழுகி என் தோளில் விழுகிறது, ஒதுங்கவும் முடியாது. கதவைச் சணல்கயிற்றால் கட்டியிருக்கிறார்கள், இரண்டு பேர் அதற்கும் வெளியே தொங்குகிறார்கள். இதுவா காலி பஸ்? உன் கம்பியூட்டருக்குக் கண்ணில்லையா, இல்லை உன் மெனேஜருக்கா?

ஒருநாள் அவரை இந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பு. நிற்க இடம் கிடைத்தால் நான் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

அன்பு அக்கா,
பியட்றிஸ்


கண்டி
19.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். கொத்தமல்லி குடித்தேன், சளி என்னைவிடப் பிடிவாதமாக இருக்கிறது.

மகஜரை மெனேஜர் படித்தார். முந்நூறுக்கு மேலே கையெழுத்து. மனுசன் சிரித்துவிட்டார் அக்கா. "கையெழுத்துப் போட இவ்வளவு பேர் இருக்காங்க, பஸ்ல ஏற ஆளில்லையே" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இருந்தாலும் விடவில்லை. ஆளனுப்பிப் பாருங்கள் சேர் என்று கேட்டுக் கேட்டு, போன செவ்வாய்க்கிழமை டிக்கெட் சோதிக்கும் செக்கரை அனுப்ப வைத்தேன். அன்றைக்கு மட்டும் டிக்கெட் ஐந்து மடங்கு. புதன்கிழமை மறுபடியும் பழைய பத்துப் பதினைந்து. செக்கர் வருவது தெரிந்து சனத்தைக் கூட்டி ஏற்றியிருக்கிறார்கள் என்று மெனேஜர் முடிவு கட்டிவிட்டார். நான் வாதாடியதெல்லாம் எனக்கே வினையாக முடிந்தது.

ஏப்ரல் முதல் உங்கள் காலை பஸ் கிழமையில் மூன்று நாள் மட்டும். திங்கள், புதன், வெள்ளி. இதுவே நான் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கியது.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தில் வேண்டாம். மச்சானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

லக்ஸ்மன்


வெஸ்ட்மூர்
13.04.2025

தம்பிக்கு,

நாளைக்கு வருஷப்பிறப்பு. உனக்கு வாழ்த்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீ சுகமாயிரு, அது வேறு விஷயம்.

மூன்று நாள் பஸ்ஸை வாங்கித் தந்தேன் என்று எழுதுகிறாயே, நன்றி சொல்ல வேண்டுமா? செவ்வாயும் வியாழனும் ஷாமலா விடிவதற்கு முன்பே எழும்பிக் கீழ்ச்சந்திக்கு நடக்கிறாள். தேயிலைக்குள்ளே குறுக்குப்பாதை. மழைக்கு அட்டை ஏறி, வெள்ளைச் சட்டையில் இரத்தத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போய் நிற்கிறது பிள்ளை. சந்தியில் வரும் தனியார் வேன் நிறைந்திருந்தால் நிற்பாட்டாமல் போய்விடும். த்ரீவீல்காரன் கேட்கிற காசுக்கு ஒரு கிழமை சமைக்கலாம். முதல் பாடம் அவளுக்கு இப்போது இல்லவே இல்லை. அது இரசாயனம். "பஸ் இல்லைனு எத்தன தடவ சொல்றது, வேற காரணம் யோசிச்சிட்டு வா" என்று அந்த டீச்சர் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்.

உன் மச்சானை மற்ற நாட்களில் டவுன் ஓட்டத்தில் போட்டிருக்கிறார்கள். டிப்போவிலேயே படுக்கிறார். வீட்டுக்கு வந்தால், "படிச்சது போதும், அவளும் கஷ்டப்படுறா, கார்மெண்ட் வேலைக்குப் போகட்டும்" என்கிறார். சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விடுகிறார்.

ஷாமலா சப்பாத்தைக் கழுவி அடுப்பருகே காய வைக்கிறாள். அவள் அழுதாலாவது எனக்கு ஆறுதலாயிருக்கும்.

என்னவோ கேட்க வேண்டும் என்றாயே, கேள்.

பியட்றிஸ்


வெஸ்ட்மூர்
06.05.2025

லக்ஸ்மன்,

சுகமா? பதில் எழுதக் கை வலிக்கிறதா? உன் மச்சானிடம் கேட்டால், "அவனுக்கு வேலை, ஒண்ணும் தரல்ல" என்கிறார். அக்காவுக்கு எழுத வேலை விடவில்லை, பஸ்ஸை நிறுத்த மட்டும் நேரம் கிடைத்ததா?

இந்தக் கடிதத்துக்கும் பதில் வராவிட்டால் நானே டிப்போவுக்கு வந்து உன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். ஆனால் ஒன்று, திங்கள், புதன், வெள்ளியில்தான் வர முடியும். மற்ற நாட்களில் பஸ் இல்லையே.

பியட்றிஸ்


(தபாலில்)

கண்டி
16.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்பு சுகமாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்த பிறகும்.

முத்திரை ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் உங்களுக்குப் பாதி விளங்கியிருக்கும். மச்சானின் பையில் போகிற கடிதத்தில் எழுத முடியாத விஷயம் இது. அதனால்தான் இத்தனை நாளும் எழுதவில்லை. ஒரு கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, பேராதனைச் சந்தியில் ஒரு கடைக்குள் நின்றேன். உங்கள் பஸ் வந்தது. நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. கதவுக்கு வெளியே தொங்குகிறார்கள். மச்சான் உள்ளே நசுங்கிக்கொண்டு காசு வாங்குகிறார். அன்று மாலை அந்த ஓட்டத்தின் கணக்கு என் மேசைக்கு வந்தது. பதினான்கு டிக்கெட்.

அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீசன் பாஸ் வைத்திருக்கிறார்கள், அதை டிக்கெட் அடிக்கும் மெஷின் எண்ணாது. சரி, மற்றவர்கள்? பாதிக் காசைக் கொடுத்துவிட்டு டிக்கெட் வேண்டாம் என்கிறார்கள். கொடுப்பவனுக்கும் லாபம், வாங்குபவனுக்கும் லாபம். நம்ம கண்டக்டர் யாகப்பர்தானே, நம்ம பஸ்தானே என்கிற நினைப்பு. உங்கள் பாதையில் இது எத்தனை வருஷப் பழக்கம் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். டிப்போவுக்குக் கண் அந்த மெஷின் ஒன்றுதான். மெஷினில் அடிக்காத ஆள் பஸ்ஸில் ஏறாத ஆள்.

செக்கர் வந்த செவ்வாய்க்கிழமை மட்டும் எல்லோருக்கும் டிக்கெட் கிடைத்ததே, அதைத்தான் கேட்க நினைத்தேன். மூன்று நாள் பஸ்ஸையும் ஆகஸ்ட் முடிவோடு நிறுத்தப்போகிறார்கள். மச்சானுடைய பெயரை இந்த டிப்போவுக்குள் கொண்டுவந்தவன் நான். வாயைத் திறந்தால் உங்கள் வீட்டு அடுப்பு அணையும். திறக்காவிட்டால் ஷாமலாவின் பஸ் போகும். நான் என்ன செய்ய? எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
லக்ஸ்மன்


இயேசு மரி சூசை துணை

வெஸ்ட்மூர்
08.06.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலத்தை அறிய ஆவல். இங்கே நல்ல மழை. பிள்ளைக்காம்பராவில் இரண்டு குழந்தைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது. அந்தோனியார் நவநாள் நடக்கிறது, திருநாளுக்கு நீ வர முடியுமானால் வா. மச்சான் நலம். ஷாமலா நலம். கடிதத்தை மச்சானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

அன்பு அக்கா,
பியட்றிஸ்


கண்டி
11.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேறு விசேஷம் இல்லை என்று நீங்கள் எழுதிய கடிதத்தை என் வாழ்நாளில் இப்போதுதான் முதன்முதலாகப் படிக்கிறேன். உங்கள் உடம்புக்கு ஏதும் இல்லையே?

நான் போன மாதம் தபாலில் அனுப்பிய பிறந்தநாள் அட்டை கிடைத்ததா? கிடைத்திருந்தால், கிடைத்தது என்ற ஒரு சொல்லாவது எழுதுங்கள். உங்கள் பிறந்தநாள் மார்கழியில் என்பது எனக்கும் தெரியும். திருநாளுக்கு வர லீவு இல்லை.

மச்சானுக்கும் மருமகளுக்கும் என் அன்பு.

லக்ஸ்மன்


(தபாலில்)

இயேசு மரி சூசை துணை

வெஸ்ட்மூர்
27.07.2025

அன்புள்ள தம்பிக்கு,

பிறந்தநாள் அட்டை கிடைத்தது. கிடைத்த அன்றிலிருந்து நான் சுகமில்லை. நீயாவது சுகமாயிரு. இதைத் தபாலில் போடக் கலஹாவுக்கு நடந்து போகிறேன்.

உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் காணாது. ஏன் எழுதினாய் என்று கோபம், ஏன் இரண்டு மாதம் கழித்து எழுதினாய் என்று அதைவிடக் கோபம். பிறகு என்மேல் வந்தது. இத்தனை வருஷமாக நான் அந்த பஸ்ஸில் காசே கொடுத்ததில்லை, கண்டக்டர் பெண்சாதி. ஷாமலாவின் இரசாயன ரியூஷன் காசு மாதா மாதம் எங்கிருந்து வருகிறது என்றும் அவரிடம் நான் கேட்கவில்லை. அந்தப் பாதிக் காசில் அவளைப் படிக்க வைத்து, அந்தப் பாதிக் காசாலேயே அவள் போகும் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறோம். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

அவரிடம் வீட்டில் வைத்துச் சொன்னேன். மெஷின் கதையைச் சொன்னேன். "நா ஒருத்தன் டிக்கெட் அடிச்சா எல்லாம் சரியாயிருமா? சனம் முழுக் காசு குடுக்குமா? ஒந் தம்பி ஓதிக் குடுத்தானா?" என்று சத்தம் போட்டார். மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் சத்தம்தான்.

போன புதன்கிழமை நான் ஷாமலாவோடு பஸ்ஸில் ஏறினேன். கலஹா டவுன் தாண்டி, பஸ் நிறைந்து, அவர் என்னை உரசிக்கொண்டு பின்னால் போகும்போது முழுக் காசையும் நீட்டினேன்.

"கண்டிக்கு ஒரு டிக்கெட் குடுங்க."

சிரித்தார். "என்னா வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்ல. முழுக் காசு. டிக்கெட் குடுங்க."

"வீட்ல பேசிக்கலாம் பியட்றிஸ்."

"வீட்ல பேசியாச்சு."

ஹலீம் நானா மூட்டைக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, மாப்பிள்ளக்கிட்டயா டிக்கெட் கேக்குறீங்க?" என்றார். நான் திரும்பி அவரிடம் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"நானா, மெஷின்ல அடிச்சாத்தான் நம்ம பஸ்ல இருக்கோம்னு அர்த்தம். அடிக்காதவங்கள டிப்போ எண்றது இல்ல. நாம மூட்டையா நசுங்கிப் போறோம், அங்க பஸ் காலினு எழுதுறாங்க. அதுனாலதான் நாலு நாள் பஸ் போச்சு. மிச்சமும் போகப்போகுது."

ஒருவரும் கைதட்டவில்லை, தம்பி. அப்படி நினைத்துவிடாதே. "முழுக் காசுக்கு எங்க போறது, நீ குடுப்பியா?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார். "இவ்வளவு நாளும் வாங்கித் தின்னுட்டு இப்ப நியாயம் பேசுறா" என்று இன்னொருத்தி. அவள் சொன்னதும் உண்மைதான். பிறகு கதவோரம் குழந்தையோடு நின்ற அந்தோனியம்மா, "பஸ் இல்லாட்டி ஆஸ்பத்திரிக்கு த்ரீவீலுக்குக் குடுக்கிறத விட இது கொறவுதானே. எனக்கும் ஒண்ணு அடிங்கண்ணே" என்று கையை நீட்டினாள். ஹலீம் நானா தனக்கும் கேட்டார். முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராக நீட்டினார்கள். எல்லோரும் இல்லை, பாதிப் பேருக்கு மேல்.

அவர் அடித்துக் கொடுத்தார். என் மிச்சக் காசை எண்ணி உள்ளங்கையில் வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. பேராதனை வருவதற்குள் மெஷினில் தாள் தீர்ந்துவிட்டது. மாற்றுச் சுருள் கொண்டுபோகிற பழக்கமே அவருக்கு இல்லை. தேவைப்பட்டதில்லையே.

ஷாமலா பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை வந்ததும், "அம்மா, இனி ரியூஷன் வேணாம். நா வீட்ல இருந்தே படிக்கிறேன்" என்றாள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வெள்ளிக்கிழமையும் டிக்கெட் அடித்திருக்கிறார், அந்தோனியம்மா சொன்னாள். என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறார். நான் செய்தது சரியா என்று நீ எழுத வேண்டாம். பஸ் நிற்குமா ஓடுமா, அதை மட்டும் எழுது.

அன்பு அக்கா,
பியட்றிஸ்


(தபாலில்)

கண்டி
24.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமா என்று இந்த முறை கேட்காதீர்கள்.

பஸ் ஓடும். செப்டம்பர் முதலாந் திகதியிலிருந்து கிழமைக்கு ஏழு நாளும். நாலு வாரக் கணக்கைப் பார்த்துவிட்டு மெனேஜர் பஸ்ஸை நிறுத்தும் கடிதத்தைக் கிழித்துப்போட்டார். கூரைக்குத் தகடு அடிக்கவும் சொல்லியிருக்கிறார், அதை நான் நம்பவில்லை.

நீங்கள் பயந்ததும் நடந்துவிட்டது. மெனேஜர் மச்சானைக் கூப்பிட்டு, "திடீர்னு இந்த மலையில இருந்து இவ்வளவு சனம் எங்கேருந்து எறங்குச்சு?" என்று கேட்டார். பக்கத்தில் நான் கணக்கோடு நிற்கிறேன். ஏதாவது சொல்லித் தப்பிக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். பாடசாலைச் சோதனைக் காலம், திருநாள், கொழுந்து கூடின மாதம், ஆயிரம் சொல்லலாம். மச்சான் அவரை நேராகப் பார்த்து, "அவங்க எப்பவும் இருந்தாங்க சேர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விசாரணை முடியும்வரை அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தியிருக்கிறார்கள். நான் அவருடைய சம்சாரத்தின் தம்பி என்பதை நானே சொல்லிவிட்டேன், எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. விசாரணை வருகிற மாதம் பன்னிரண்டாம் திகதி, வெள்ளிக்கிழமை. வேலை போகுமா, வேறு டிப்போவுக்கு மாற்றுவார்களா, எனக்குத் தெரியாது. எல்லோருமே இப்படித்தான் செய்கிறார்கள், அகப்பட்டது நம் வீட்டு ஆள் என்று எரிச்சலாக வருகிறது. அப்படி எரிச்சல்படவும் எனக்கு வாயில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவரோடு நீங்களும் வாருங்கள். தனியே அனுப்பாதீர்கள்.

உங்கள் தம்பி,
லக்ஸ்மன்


இயேசு மரி சூசை துணை

வெஸ்ட்மூர்
14.09.2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். விசாரணை வாசலில் உன்னைப் பார்த்தும் நாலு வார்த்தை பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். முடிவு வர ஒரு மாதமாகும் என்றார்கள். அதுவரை என்ன சமைப்பது என்று என்னிடம் கேட்காதே, மரவள்ளிதான். ஷாமலா முதல் பாடத்துக்கு நேரத்துக்குப் போகிறாள். இரசாயன டீச்சர் இடைவேளையில் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறாராம், முன்பு அவளைத் திட்டிய அதே டீச்சர். கூரைத் தகடு இன்னும் அடிக்கவில்லை, அதையும் உன் மெனேஜரிடம் சொல்.

நீ கேட்டபடிதான் அவரோடு வந்தேன். நீ பார்க்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

அவருக்குப் பதிலாக வந்திருக்கும் கண்டக்டர் இளம் பொடியன், பெயர் தாஸிம். விடியற்காலையில் நாங்கள் இருவரும் ஏறியபோது, பத்து வருஷமாக அவர் நின்ற இடத்தில் தாஸிம் நின்றான். இவர் எங்கே நிற்பதென்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கலஹா டவுனிலிருந்து கூட்டம் ஏறி நசுக்கியது. தெரிந்த முகங்கள் எல்லாம் அவரைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தன. தாஸிம் டிக்கெட் அடித்துக்கொண்டே வந்து, இவருக்கு முன்னால் கூச்சத்தோடு நின்றான்.

"அண்ணே, ஒங்களுக்கு எதுக்கு டிக்கெட்? டிப்போ ஆளுதானே. நீங்க நில்லுங்க."

இவர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். காசை எடுத்து அவன் முன்னால் பிடித்தார்.

"ரெண்டு அடி தம்பி. கண்டிக்கு."

"வேணாண்ணே."

"அடி. நீ அடிக்காட்டி நாங்க இந்த பஸ்ல இல்ல."

அவன் அடித்தான். இவர் ஒன்றைத் தன் பையில் வைத்தார். மற்றதைக் கூட்டத்துக்கு மேலால் என்னிடம் நீட்டினார். ஆடி மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என்னோடு பேசினார், தம்பி. நான் அழுதுவிட்டேன், நசுங்கி நின்றதால் ஒருவருக்கும் தெரியவில்லை.

"பத்திரமா வச்சிக்க பியட்றிஸ். செக்கர் ஏறுனா கேப்பான்."

கண்டி வரைக்கும் நின்றுகொண்டேதான் வந்தோம். உட்கார இடமில்லை.

அன்பு அக்கா,
பியட்றிஸ்